விருந்தாளியாய்ப் போகிறவர்களுக்கு

சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறி வாழுகிற நம் குடும்பங்களில், திருவனந்தபுரத்திற்கு ஒருமுறையேனும் போகவேண்டிய அவசியம் நேரிடாத வீடு குறைவு. ஒருவர் இருதய அறுவை சிகிச்சைக்காகப் போகிறார். மற்றொருவர் புற்றுநோயால் வாடும் தாயாரை அழைத்துக்கொண்டு போகிறார். வேறொருவர் வளைகுடா நாட்டிற்கு விமானம் ஏறப் போகிறார். தென்மாவட்டத்து உறவினரின் திருமணத்திற்கு வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்தோமே என்று கோவளத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. புறப்படுமுன் எதையெல்லாம் எடுத்து வைக்கிறோம்! பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே உறைகள், பிளாஸ்க், போர்வை, ஊறுகாய்ப் புட்டி, தெரிந்தவர்களின் தொலைபேசி எண்கள். ஆனால் அந்நகரத்தில் விருந்தாளியாய் நடந்துகொள்வது எப்படி என்பதை எவரும் நமக்கு எழுதிக் கொடுத்ததில்லை. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

அதைச் சொல்லுவதற்கு முன் கேரளத்தை விட்டுச் சற்றுத் தூரம், 1945-ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்து தேசம்வரை, போய்த் திரும்பவேண்டியிருக்கிறது. அந்நிய தேசத்தில் விருந்தாளியாய் இருப்பது எப்படி என்று, பெருந்திரளான மனிதரை ஓர் அரசாங்கமே ஆயத்தப்படுத்தி அனுப்பிய அபூர்வமான காரியம் அங்கே நடந்தது.

கடிகார தேசத்திற்கு விடுமுறை

1945 மே மாதத்தில் ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இருந்த அமெரிக்கப் போர்ச்சேவகர்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கப்பல்கள் போதவில்லை, ஜப்பானோடு யுத்தமும் அப்போது முடியவில்லை. வேலையின்றிக் காத்திருக்கும் சேனை எத்தனை தொல்லைகளுக்கு இடங்கொடுக்கும் என்பதைச் சேனாதிபதிகள் அறிந்திருந்தார்கள். ஆகவே விடுமுறைப் பிரயாணங்களை ஏற்பாடு செய்தார்கள். அவற்றுள் சேவகர்கள் மிகவும் விரும்பிக் கேட்டது சுவிட்சர்லாந்தே. சுற்றியிருந்த தேசங்களில் பட்டணங்கள் சாம்பலாய்க் கிடக்க, அங்கே விளக்குகள் எரிந்தன, ரயில்கள் நேரந்தவறாமல் ஓடின, ஏரிக்கரை விடுதிகள் கண்ணாடி உடையாமல் நின்றன.

1945 ஜூலையில் இப்பிரயாணங்கள் தொடங்கின. சேவகர்கள் பிரான்சு தேசத்து மூலூஸ் பட்டணத்தில் கூடி, பாசல் வழியாக எல்லையைக் கடப்பார்கள். ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. ஏறக்குறைய ஒரு வாரம், முன்கூட்டியே குறிக்கப்பட்ட பாதையில், ரயிலிலே பிரயாணம். யுத்த காலமெல்லாம் ஆளின்றிக் கிடந்த விடுதிகளில் தங்கல். கையில் மாற்றிக்கொள்ளும் சுவிஸ் பிராங்கு பணத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. இவ்வாறு போய்வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வரம்புக்குட்பட்ட அந்தப் பணத்தைக்கொண்டு அவர்கள் வாங்க விரும்பியது என்ன? சாக்லேட்டும் பட அஞ்சலட்டையும் போக, பெரும்பாலும் ஒரு கைக்கடிகாரந்தான்.

இவ்விடத்தில் ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுவிட்சர்லாந்து கடிகார தேசமானதற்கு நகை ஒழிப்பும் ஒரு காரணம்! 16-ஆம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் ஜான் கால்வினின் சீர்திருத்தம் வேரூன்றியபோது, ஆபரணங்கள் அணிவதற்குத் தடைகள் வந்தன. பொற்கொல்லரின் தொழில் குன்றியது. அதே காலத்தில் பிரான்சில் உபத்திரவப்பட்டு அடைக்கலம் தேடி வந்த ஹியூகனாட்டு விசுவாசிகளில் கடிகாரத் தொழில் அறிந்தவர்கள் இருந்தார்கள். பொன்னில் பழகிய கைகளும் பற்சக்கரத்தில் பழகிய கைகளும் ஒன்றுசேர்ந்தன. 1601-இல் ஜெனீவாவில் கடிகாரத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது. பிற்காலத்தில் ஜூரா மலைப்பகுதியின் குடியானவர்களும் பனிக்காலத்தில் வீட்டுச் சன்னலருகே அமர்ந்து கடிகார உறுப்புகளைச் செய்யலானார்கள். நகை அணியாத நம் வீட்டுப் பெண்களின் மணிக்கட்டிலும் கைக்கடிகாரம் மாத்திரம் இருக்கிறதல்லவா? அதற்கும் ஜெனீவாவின் பொற்கொல்லருக்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்கையில் சற்றுப் புன்னகை தோன்றுகிறது.

யுத்தத்தின்போது ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், ஜெனீவாவில் ரோலெக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்குக் கடிதம் எழுதினால், அவர் கடிகாரம் அனுப்பிவைத்தார். பணத்தை யுத்தம் முடிந்தபின் கொடுத்தால் போதும் என்றார். எதிரியின் சிறைக்கூடத்தில் இருந்த மனிதரின் வார்த்தையை நம்பி வியாபாரம் நடந்தது.

ஆனால் 1945-இல் எல்லையைக் கடந்த அமெரிக்கச் சேவகனை அத்தேசத்தார் அனைவரும் ஆனந்தமாய் வரவேற்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்கு ஒரு காயம் இருந்தது. 1944 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் வழிதப்பி, ஜெர்மன் பட்டணம் என்றெண்ணி ஷாஃப்ஹவுசன் என்னும் சுவிஸ் பட்டணத்தின்மேல் குண்டுபொழிந்தன. 40 பேர் மாண்டார்கள். 1945 மார்ச் 4-ஆம் தேதி பாசலும் சூரிச்சும் இதேபோல் தவறாகத் தாக்கப்பட்டன. நான்கு மாதம் கழித்து, அதே சேனையைச் சேர்ந்தவர்கள் அதே பாசல் வழியாக விருந்தாளிகளாய் உள்ளே வந்தார்கள்! பட்டணத்தார் பார்வையில் நன்றியும் இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. தவிர, அத்தேசத்தின் கடைகளில் பொருள் நிறைந்திருப்பதாகத் தோன்றினாலும், அங்கே உணவுப் பங்கீட்டு முறை 1948 வரை நீடித்தது. விருந்தாளியின் தட்டில் வைக்கப்பட்ட ரொட்டி யாரோ ஒருவருடைய அளந்த பங்கிலிருந்து வந்தது.

அமெரிக்கருக்கு முன்பே நம் நாட்டுச் சிப்பாய்களும் அத்தேசத்தின் விருந்தாளிகளாய் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் பிரான்சு தேசத்து எப்பினால் என்னும் ஊரில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1944 மே 11-ஆம் தேதி நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் அச்சிறைமுகாமின்மேலும் விழுந்தன. சுவர் உடைந்தது. சிறைப்பட்டோர் சிதறி ஓடினார்கள். அவர்களில் ஏறக்குறைய 500 பேர், வழியிலிருந்த பிரெஞ்சுக் குடியானவர் கொடுத்த உணவையும் உடையையும் பெற்று, நடந்தே சுவிஸ் எல்லையைச் சேர்ந்தார்கள். மொழி தெரியாத, முகம் வேறான மனிதருக்கு அந்தக் கிராமத்தார் கதவைத் திறந்தார்கள். அவர்கள் கையில் எந்த வழிகாட்டிப் புத்தகமும் இல்லை.

அமெரிக்கச் சேவகருக்கோ புத்தகங்கள் இருந்தன. யுத்த காலம் முழுவதும், தங்கள் ஆட்களை அனுப்பிய ஒவ்வொரு தேசத்தைக் குறித்தும் சட்டைப்பையில் அடங்கும் சிறு கையேடுகளை அமெரிக்க யுத்த இலாகா அச்சிட்டது. இந்தியாவுக்கு வந்தவர்களுக்கும் ஒன்று இருந்தது. இவற்றில் பெயர்பெற்றது 1942-இல் பிரிட்டனுக்குச் சென்றவர்களுக்காக எழுதப்பட்டதாகும். அது காட்சி இடங்களைப் பட்டியலிடும் நூல் அன்று. உன் சம்பளம் இவர்களுடைய சம்பளத்திலும் அதிகம், அதைச் சொல்லிக் காட்டாதே என்கிறது. இவர்கள் பேசாமலிருப்பது பகையினால் அல்ல, சுபாவத்தினால் என்கிறது. இவர்களுடைய உடை மங்கியிருந்தால் ரசனையில்லாமையால் அல்ல, துணிக்குப் பங்கீடு இருப்பதால் என்கிறது. இவர்களுடைய மன்னரைக் குறைகூறாதே என்கிறது. ஒரு வீட்டில் சாப்பிட அழைத்தால் குறைவாகச் சாப்பிடு, அது அக்குடும்பத்தின் ஒரு வாரத்துப் பங்காக இருக்கலாம் என்கிறது. எனக்கு இந்தக் கடைசி அறிவுரை மிகவும் பிடித்திருக்கிறது. எங்கே போகலாம் என்று சொல்லும் நூல்கள் ஆயிரம் உண்டு. உனக்கு முன்னால் இருக்கும் தட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லும் நூல் அரிது.

இப்போது திருவனந்தபுரத்திற்குத் திரும்புவோம்.

ஒரே நாடாயிருந்த காலத்து வழிகாட்டி

திருவிதாங்கூருக்கும் ஓர் அமெரிக்கர் வழிகாட்டி நூல் எழுதினார். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்புப் பணி செய்த டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரைக் குமரி மாவட்டத்து முதியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே தேனீ வளர்ப்பு பரவியதில் அவருடைய பணிக்குப் பங்குண்டு. அவருடைய மனைவியார் எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச், திருவிதாங்கூருக்கு வருகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய கையேடு 1933-இல் வெளிவந்தது. அக்காலத்தில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் போகிறவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. அது அவருடைய சொந்தத் தலைநகரம். வழக்குக்கும் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நம் தாத்தாமார் அங்கேதான் போனார்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அந்த இணைப்பு சுமுகமாய் நடந்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிரிழந்தார்கள். ஆக, திருவனந்தபுரத்தில் இறங்கும் தென்னாட்டுத் தமிழர் முற்றிலும் அந்நியரும் அல்லர், சொந்தக்காரரும் அல்லர். பழைய பங்காளி வீட்டுக்கு விருந்துக்குப் போவதுபோல் அது சற்றுச் சிக்கலான நிலை. பாகம் பிரிந்த கதையை இரு பக்கத்தாரும் மறக்கவில்லை. ஆயினும் சாப்பாட்டு வேளையில் அதை எடுப்பதில்லை.

இறங்கியவுடன்

திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையம் தம்பானூரில் உள்ளது. அதன் கற்கட்டடம் 1931-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எதிரிலேயே பேருந்து நிலையம். நாகர்கோவில் பக்கத்து ரயில் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் போனவர்கள் பேருந்தில் வளைந்து நெளிந்து போனார்கள். இப்பொழுது கொச்சுவேளி நிலையத்திற்குத் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் நிலையத்திற்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் மாறியிருக்கிறது. பயணச்சீட்டைப் பார்க்கையில் எந்த நிலையம் என்று கவனியுங்கள்.

மொழி தெரிந்ததுபோலவே இருக்கும், அதுவே ஆபத்து. 'வெள்ளம்' என்றால் அங்கே குடிதண்ணீர். 'சம்சாரிப்பது' என்றால் பேசுவது. ஒருவர் உங்கள் சம்சாரத்தைப்பற்றிக் கேட்பதாக எண்ணி முகம் சுளிக்க வேண்டாம். 'பட்டி' என்றால் நாய். உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊர்ப்பெயரைச் சொல்லும்போது அங்குள்ள பிள்ளைகள் சிரித்தால் காரணம் அதுதான். அலுவலகத்தில் இருப்பவரை, ஆணாயினும் சில வேளை பெண்ணாயினும், 'சாரே' என்பார்கள். கேரளத்தின் பிற பகுதிகள் பலவற்றில் 'சேட்டா' என்று அழைப்பதைத் திருவனந்தபுரத்துச் சாதாரண ஜனங்கள் 'அண்ணா' என்றே அழைப்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போது நமக்கு உள்ளம் குளிர்கிறது.

உணவு விடுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். அழுக்குத் தண்ணீர் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பதிமுகம் என்னும் மரத்தின் துண்டுகளைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அது. கொதிக்கவைத்ததற்கு அந்த நிறமே அடையாளம். சோறு பருமனான சிவப்பு அரிசியாயிருக்கும். மரவள்ளிக்கிழங்கைக் 'கப்பை' என்று மீன்குழம்போடு பரிமாறுவார்கள். நம்மவர் சிலர், இது ஏழைகளின் ஆகாரமல்லவா என்று மெல்லச் சொல்லிக்கொள்வார்கள். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் ஜனங்களின் உயிரைத் தாங்கியது இந்தக் கிழங்கே. அத்தட்டுக்குப் பின்னாலும் ஒரு யுத்தம் இருக்கிறது.

'பாண்டி' என்ற சொல்லும் உங்கள் காதில் விழலாம். தமிழரை இளப்பமாய்க் குறிக்கச் சிலர் அதைப் பயன்படுத்துவார்கள். கோபம் வருவது இயல்பே. ஆனால் மலையாளிகளைக் குறித்து நாம் நம் வீட்டுக் கூடத்தில் சொல்லிச் சிரிக்கும் கதைகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு, காது கேளாதவர்போல் நடந்துவிடுவது நலம். சாலை பஜாரில் நுழைந்தால் தமிழ் பேசும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல தலைமுறையாய் அங்கேயே வாழ்கிற அவர்கள் இந்தச் சொல்லோடு எப்படிக் காலந்தள்ளுவது என்பதை நம்மைவிட நன்றாய்ப் படித்தவர்கள்.

மேத்தன் மணி

கிழக்கேகோட்டைக்குப் போங்கள். ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் முன்னே பத்மதீர்த்தக் குளம். அக்குளத்தின் எதிரே பழைய அரண்மனைக் கட்டடம் ஒன்றின் முகப்பில், உயரத்தில், தாடி வைத்த ஒரு மனித முகம் தெரியும். இரு புறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். கீழே கடிகாரத்தின் முகம். மணி அடிக்கும்போது அந்த மனிதனின் வாய் திறக்கும். இரண்டு கடாக்களும் ஓடிவந்து அவனுடைய கன்னங்களில் முட்டும். 3 மணிக்கு மூன்று முறை, 12 மணிக்குப் பன்னிரண்டு முறை. இதுவே மேத்தன் மணி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. குளத்தூக்காரன் என்று அழைக்கப்பட்ட உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் இதன் பொறியை அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மணிக்கூண்டில் மணிதோறும் கரடிப் பொம்மைகள் வலம்வருவதைப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் கழுத்தை நிமிர்த்தி நிற்பார்கள். அதேபோல் நிற்பதற்கு நமக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது; கட்டணமும் இல்லை. பழைய பொறியாதலால் இடையிடையே நின்றுபோவதும் பழுதுபார்க்கப்படுவதும் உண்டு. மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். 12 மணிக்குப் போவது உத்தமம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு முட்டும் கிடைக்கும்.

இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். 'மேத்தன்' என்பது இஸ்லாமியரைக் குறிக்கும் பழைய நாட்டுச் சொல். கடிகாரத்தின் பெயராகச் சொல்லலாம். இஸ்லாமியச் சகோதரர் ஒருவரைப் பார்த்து அச்சொல்லை உபயோகிப்பது மரியாதை அல்ல. அடுத்தது, கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதாருக்கு அனுமதி இல்லை. நமக்கு உள்ளே போகும் எண்ணமும் இல்லை. ஆனால் வெளியே நிற்கும்போது சத்தமாய் விமரிசிப்பதும், வாசலில் வருகிறவர்களிடம் கைப்பிரதி நீட்டுவதும் விருந்தாளிக்கு அழகன்று. நம்முடைய ஆராதனை நடக்கும் கூடத்தின் வாசலில் வேறொருவர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படியிருக்கும்?

அந்தக் குளக்கரையில் நின்றுகொண்டு இன்னொன்றையும் நினைக்கலாம். சொல்லிக் காட்ட அல்ல, தெரிந்திருக்க. அந்த ஆட்டுக்கடாக்கள் முட்டத் தொடங்கிய காலத்தில், நம் வாசகர் பலருடைய முன்னோர் இந்தத் தெருவில் நடக்க முடியாது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் அடியும் அவமானமும் சகித்தார்கள்; 1859 ஜூலை 26-ஆம் தேதி இதே தலைநகரிலிருந்து அரச விளம்பரம் வந்த பின்னரே ஓரளவு தீர்ந்தது. கோயில் பிரவேச விளம்பரம் 1936 நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. இன்று உங்கள் மகள் இந்தத் தெருவில் கடிகாரத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறாள். பாசல் பட்டணத்தாருக்கு அமெரிக்கச் சேவகன்மேல் இருந்த மனநிலையோடு இதை ஒப்பிடலாம். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே காயம்பட்டவர்கள் விருந்தாளிகளாய் வந்திருக்கிறோம். கடுகடுத்த முகத்தோடு நிற்கவேண்டியதில்லை. பணிந்து குனியவும் வேண்டியதில்லை. உரிமையோடு நிற்கலாம்.

அருகிலுள்ள குதிரைமாளிகையைக் காண எவரும் சீட்டு வாங்கிப் போகலாம். கூரையின் கீழ் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகளை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் அரைமணி நேரம் அமைதியாயிருப்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

சேவகரின் பாளையம்

நகரின் நடுவிலுள்ள பாளையம் என்னும் இடம், பெயரே சொல்லுவதுபோல், சேனை தங்கிய இடம். ஒரே சந்திப்பில் ஆலயமும் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் அருகருகே நிற்கின்றன. உல்லாசப் பிரயாணிகளுக்கு இதை மத ஒற்றுமையின் சின்னம் என்று காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் பல இடத்திலிருந்து வந்து கூடிய சிப்பாய்களுக்கு அவரவர் தொழுமிடம் தேவைப்பட்டது என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. கிழக்கேகோட்டை அருகிலுள்ள பழவங்காடி கணபதி கோயிலை இன்றும் இந்திய இராணுவமே பராமரிக்கிறது. திருவிதாங்கூரின் நாயர் படைப்பிரிவு பின்னர் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு சேர்ந்துவிட்டதால் வந்த பொறுப்பு அது. பாளையத்தில் இருக்கும் மற்றோர் ஆலயம், எல்.எம்.எஸ். மிஷனெரி சாமுவேல் மட்டீரின் பெயரைத் தாங்குகிறது. அவர் திருவிதாங்கூரைப்பற்றி 1871-இலும் 1883-இலும் எழுதிய இரண்டு பெரிய நூல்கள், நம் முன்னோரின் நிலையை அறிய விரும்புகிறவர்களுக்கு இன்றும் உதவும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில், மேட்டின்மேல், சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய வானாய்வுக் கூடம் உள்ளது. ஆலப்புழையில் வணிக முகவராயிருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852-இல் வந்த ஜான் ஆலன் புரூன், அகஸ்தியமலை உச்சிக்கும் காந்த ஊசிகளைத் தூக்கிச் சென்று அளவெடுத்தார். நேரத்தையும் திசையையும் துல்லியமாய் அறியும் வேலை இந்நகரத்தில் அவ்வளவு பழையது.

மருத்துவமனையின் வராந்தாவில்

நம்மில் அநேகர் இந்நகரத்திற்கு வருவது காட்சி காண அல்ல, சிகிச்சைக்காகவே. மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும், 1981-இல் தொடங்கிய பிராந்தியப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. இங்கே நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் 'பைஸ்டாண்டர்'. நோயாளியோடு துணைக்கு இருப்பவருக்குக் கேரள மருத்துவமனைகளில் இதுவே பெயர். "பைஸ்டாண்டர் யார்?" என்று நர்ஸ் கூப்பிட்டால், வேடிக்கை பார்க்கிறவர் யார் என்று கேட்பதாக எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள், உங்களைத்தான் அழைக்கிறார். மலையாளத்தில் 'கூட்டிருப்புகாரர்' என்பார்கள். கூட இருப்பவர்! இதைவிட நல்ல சொல் தமிழிலும் எனக்குத் தோன்றவில்லை.

வராந்தாவில் பாய் விரித்திருக்கும் மற்றக் கூட்டிருப்புகாரர்களே உங்களுக்கு மெய்யான வழிகாட்டிகள். எந்தக் கவுண்டரில் எப்போது நிற்பது, எங்கே வெந்நீர் கிடைக்கும், எந்த விடுதியில் வாடகை குறைவு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கொல்லத்திலிருந்து வந்த அம்மா தன் கஞ்சியில் பாதியை உங்களுக்கு நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 1942-ஆம் ஆண்டுக் கையேட்டின் அறிவுரையை மறவாதீர்கள். மறுநாள் ஊறுகாய்ப் புட்டியை நீங்கள் திறவுங்கள். வரிசையில் முந்துவதற்குத் தெரிந்தவர் பெயரைச் சொல்லும் நம் ஊர் வழக்கத்தை எல்லையிலேயே விட்டுவிடுவது நல்லது. அங்கே அது சண்டையில் முடியும்.

இந்த நிறுவனத்தின் ஒரு பகுதி பூஜப்புரையில், அரச குடும்பத்தார் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. அங்கேதான் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், இருதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு இந்தியாவில் முதன்முதலாய் உருவாக்கப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்த காலம் அது. முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது மாதிரி தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஒரு வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் சிறு தட்டு, அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை திறந்து மூடவேண்டும், ஒருமுறையும் நிற்கக் கூடாது. நின்றுபோனால் பழுதுபார்க்கலாம் என்று விட மேத்தன் மணி அல்லவே. ஜூராவின் பனிமலையில் சன்னலருகே அமர்ந்து பற்சக்கரம் அராவிய குடியானவன் இதைக் கையிலெடுத்தால் வெகுநேரம் கீழே வைக்கமாட்டான் என்று எண்ணுகிறேன்.

இத்தகைய வால்வு பொருத்தப்பட்டவரை நீங்கள் அழைத்துவந்தால், சில காரியங்களைத் தெரிந்திருங்கள். முழுவதும் உலோகத்தாலோ கார்பனாலோ ஆன வால்வுகள் கைக்கடிகாரம்போல் டிக் டிக் என்று ஒலிப்பதுண்டு; இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். சித்ரா வால்வின் தட்டு ஒருவகைப் பிளாஸ்டிக்கினால் ஆனது. ஆகவே சத்தம் குறைவு. சத்தம் கேட்டாலும் பயப்பட வேண்டாம், கேளாவிட்டாலும் பயப்பட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை மாத்திரம் தினந்தோறும் ஒரே வேளையில் கொடுக்கவேண்டும்; மருத்துவர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டும். கீரை முதலிய உணவுகளின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. பல் பிடுங்கவோ வேறு மருந்து சாப்பிடவோ நேரிட்டால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்துபோகும் நாள் ஒன்று வரும். ஆகவே கூட்டிருப்பவர் கையில் ஒரு கைக்கடிகாரம் இருக்கட்டும். சாலை பஜாரில் விற்கும் மலிவானதே போதும்.